ஓர் ஆள் கூடினால் 11.8 சதவீதமா? பீட்டா ரெக்ரஷன் கெழுவை வாசித்த ஒரு நிகழ்வு ஆய்வு

"குடும்பத்தில் ஓர் ஆள் கூடினால், வருமானத்தில் உணவுக்குப் போகும் பங்கு 11.8 சதவீதம் கூடுகிறது."

எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி பயிற்சிக்காக எழுதிய அறிக்கையில் இருந்த வரி இது. பங்குகளை விளக்கும் பீட்டா ரெக்ரஷன் மாடலில், ஆட்களின் எண்ணிக்கைக்குக் கணினி தந்த கெழு (அதைப் பெருக்கும் எண்) 0.1185. அதை நூறால் பெருக்கி, பக்கத்தில் சதவீதம் என்று எழுதிவிட்டார். தரவு சரி, எடுத்துக்கொண்ட மாடல் சரி, கெழுவையும் பி மதிப்பையும் (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) பிசகாமல் எடுத்து எழுதியிருந்தார். வாக்கியத்தில்தான் தவறு. அறிக்கையை வாங்கிப் படிப்பவர் அட்டவணையைப் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவார், வாக்கியம்தான் அவர் மனதில் நிற்கும். நிதி ஒதுக்குகிறவர் கணக்குப் போடுவதும் அந்த 11.8-ஐ வைத்துத்தான். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தோம். அதன் பதிவு இது.

தரவு

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் எடுத்த 38 குடும்பங்களின் மாதிரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்றே எண்கள்: உணவுச் செலவு, வருமானம், வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை. கிரிஃபித்ஸ், ஹில், ஜட்ஜ் ஆகியோர் 1993-ல் வெளியிட்ட பொருளியல் அளவையியல் பாடநூலிலிருந்து வந்த தரவு. பிரேசில் நாட்டுப் புள்ளியியலாளர்கள் சில்வியா ஃபெராரியும் ஃபிரான்சிஸ்கோ கிரிபாரி-நெட்டோவும் 2004-ல் பீட்டா ரெக்ரஷனை இன்று நாம் பயன்படுத்தும் வடிவில் முன்வைத்த கட்டுரையில் இதை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஆர் மென்பொருளின் பீட்டாரெக் தொகுப்பை நிறுவினால் இந்தத் தரவும் கூடவே வந்துவிடும், யாரும் திறந்து சரிபார்க்கலாம். பயிற்சிக்கு இதை நான் விரும்பி எடுப்பதற்குக் காரணம் உண்டு. 38 வரிகள்தான் என்பதால் ஒவ்வொரு குடும்பத்தையும் கண்ணால் பார்க்க முடியும்.

நான்காவது வரியைப் பாருங்கள். மூன்று பேர், வருமானம் 39.151, உணவுக்கு 7.431. பங்கு 19.0 சதவீதம். ஆறாவது வரியிலும் மூன்று பேர்தான். வருமானம் 36.786, முன்னதைவிடச் சற்றுக் குறைவு. உணவுக்கு 13.548, பங்கு 36.8 சதவீதம். ஒரே அளவு குடும்பம், ஏறக்குறைய ஒரே வருமானம், ஆனால் ஒரு வீட்டின் பங்கு இன்னொரு வீட்டினுடையதைப்போல் இரு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்த இரண்டு வீடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், பின்னால் தேவைப்படும்.

நாம் விளக்க விரும்புவது உணவுச் செலவை வருமானத்தால் வகுத்து வரும் பங்கு. அது 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். விளிம்பை நெருங்க நெருங்க அதன் பரவல் சுருங்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும். நேர்கோட்டு ரெக்ரஷனுக்கு இந்த இரண்டும் ஒத்துவராது. பீட்டா பரவல் இரண்டையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. சராசரி என்று ஓர் அளவுரு, துல்லியம் என்று இன்னொன்று. சராசரியின் லாஜிட்டை (அது என்னவென்று கீழே வருகிறது) வருமானத்தோடும் ஆட்களின் எண்ணிக்கையோடும் நேர்கோட்டில் இணைக்கிறோம். மாடல் அவ்வளவுதான்.

கிடைத்த மதிப்புகள்: வெட்டுத்துண்டு (மற்ற எல்லாம் பூஜ்யமாக இருக்கும்போது லாஜிட்டின் மதிப்பு) −0.6225, வருமானத்தின் கெழு −0.0123 (திட்டப் பிழை 0.0030), ஆட்களின் கெழு 0.1185 (திட்டப் பிழை 0.0353), துல்லிய அளவுரு ஃபை 35.61. மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் லாக்-லைக்லிஹுட் 45.33.

அந்த 0.1185 எதன் அளவு?

"கெழு எதைக் கூட்டுது?" என்று கேட்டேன்.

"பங்கைத்தானே அக்கா?"

"பங்கை இல்லப்பா. பங்கோட லாஜிட்டை."

லாஜிட் என்றால் பங்கை மீதியால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை எடுப்பது. இந்த 'பங்கு வகுத்தல் மீதி' என்பதை ஆட்ஸ் என்பார்கள். லாஜிஸ்டிக் ரெக்ரஷன் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஆட்ஸ் என்றதும் ஒரு சம்பவம் நடக்கும் வாய்ப்பு, நடக்காத வாய்ப்பு என்றே மனம் போகும். இங்கே சம்பவம் எதுவும் கிடையாது. எந்தக் குடும்பமும் உணவு வாங்குமா வாங்காதா என்று நாம் கேட்கவில்லை. ஒரு முழுமையை இரண்டு கூறாகப் பிரித்திருக்கிறோம், ஒரு கூறு மற்றதற்கு எத்தனை மடங்கு என்று பார்க்கிறோம். ஆகவே பீட்டா ரெக்ரஷனில் ஆட்ஸை 'வாய்ப்பு விகிதம்' என்று தமிழ்ப்படுத்துவது படிப்பவரைத் திசை திருப்பிவிடும் என்பது என் திடமான கருத்து. 'கூறுக்கும் மீதிக்கும் உள்ள விகிதம்' என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, பொருள் கெடாது.

கையால் போட்டுப் பார்த்தோம். வருமானம் 60, மூன்று பேர். −0.6225-லிருந்து 60 × 0.0123-ஐக் கழித்து 3 × 0.1185-ஐக் கூட்டினால் −1.005 வருகிறது. இதைப் பங்காகத் திருப்பினால் 26.8 சதவீதம். மீதி 73.2. அப்படியென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் என்று ஒதுங்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் உணவுக்கு 36.6 டாலர் போகிறது. இப்போது அதே வருமானத்தில் நான்கு பேர். லாஜிட் 0.1185 கூடுகிறது. அதை எக்ஸ்ப் செய்தால், அதாவது இயல் மடக்கையைத் திருப்பினால், 1.126. 36.6-ஐ 1.126-ஆல் பெருக்கினால் 41.2. மற்றவற்றுக்கு ஒதுங்கும் 100 டாலருக்கு உணவுக்கு 36.6 என்றிருந்தது 41.2 ஆகிறது. கெழு நேரடியாகச் சொல்லும் சேதி இதுதான். எந்த வருமானத்திலும், எத்தனை பேர் உள்ள வீட்டிலும் மாறாமல் நிற்பது இந்த 1.126 மட்டுமே.

இந்த 41.2-ஐப் பங்காக மாற்றினால் 29.2 சதவீதம். அதாவது 26.8-லிருந்து 29.2, 2.4 சதவீதப் புள்ளி கூடுதல். பழைய பங்கோடு ஒப்பிட்டால் 8.9 சதவீத உயர்வு.

ஒரே கெழுவிலிருந்து இப்போது நான்கு எண்கள் மேசைமேல் இருந்தன. லாஜிட் அளவில் 0.118. கூறு-மீதி விகிதத்தில் 12.6 சதவீத உயர்வு. பங்கில் 2.4 சதவீதப் புள்ளி. பங்கின் பழைய மதிப்போடு ஒப்பிட 8.9 சதவீதம். தம்பி எழுதிய 11.8 சதவீதம் இந்த நான்கில் எதுவும் இல்லை. முதல் எண்ணை எடுத்துக்கொண்டு மூன்றாவதின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்.

இந்தத் தவறைக் கணினி இல்லாமலே பிடிக்க ஒரு வழி உண்டு. லாஜிட்டைப் பங்காகத் திருப்பும் வளைவு மிகச் செங்குத்தாக இருப்பது பங்கு சரிபாதியாக இருக்கும் இடத்தில், அங்கே அதன் சரிவு கெழுவில் நான்கில் ஒரு பங்கு. ஆக 0.1185-ஐ நான்கால் வகுங்கள், ஏறத்தாழ 0.03. ஓர் ஆள் கூடுவதால் பங்கு எந்த இடத்திலும் 3 சதவீதப் புள்ளிக்கு மேல் நகர முடியாது. 11.8 சதவீதப் புள்ளி என்று படிக்கக்கூடிய ஒரு வாக்கியம் இந்த மாடலிலிருந்து வரவே வழியில்லை. கெழுவைப் பார்த்ததும் நான்கால் வகுத்துப் பார்ப்பதை நான் கைப்பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

எந்த இடத்தில் நின்று கேட்கிறோம்?

வருமானம் 60-லேயே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் மாற்றினோம். ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் பங்கு 22.4, இருவரானால் 24.5. 2.1 புள்ளி ஏற்றம். ஆறு பேர் வீட்டில் 34.3, ஏழு பேரானால் 37.0. 2.7 புள்ளி. கெழு ஒன்றுதான், ஏற்றம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சராசரி விளைவாக ஒரே எண் வேண்டும் என்று கேட்டால், 38 குடும்பங்களுக்கும் தனித்தனியாக இந்த மாற்றத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்துத் தரலாம். ஆனால் சராசரிக் குடும்பம் என்று ஒன்றைக் கற்பனை செய்து அதற்கு மட்டும் கணக்கிடுவதும், எல்லாக் குடும்பங்களுக்கும் கணக்கிட்டுச் சராசரி எடுப்பதும் வேறுவேறு. எதைச் செய்தோம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

"2.1, 2.7... பெரிய வித்தியாசம் இல்லையே அக்கா" என்றார். நியாயமான கேள்வி. இந்தத் தரவில் பங்குகள் பெரும்பாலும் வளைவின் நடுப்பகுதியை ஒட்டியே கிடக்கின்றன, அங்கே வளைவு ஏறக்குறைய நேர்கோடுதான். வித்தியாசம் முகத்தில் அறைய வேண்டுமானால் விளிம்பை ஒட்டிய தரவு வேண்டும். அதுவும் அதே தொகுப்பில் இருக்கிறது: 1956-ல் பிரேட்டர் வெளியிட்ட கச்சா எண்ணெய்த் தரவு. பத்து வகைக் கச்சா எண்ணெய்த் தொகுதிகள், 32 அளவீடுகள், கச்சா எண்ணெயில் எத்தனை பங்கு பெட்ரோலாக மாறியது என்ற கேள்வி. தொகுதியையும் வெப்பநிலையையும் (பெட்ரோல் முழுவதும் ஆவியாகும் வெப்பநிலை) வைத்துப் பொருத்தினால் வெப்பநிலையின் கெழு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு 0.01097. பத்தாம் தொகுதிதான் ஒப்பீட்டு அடிப்படை. முதல் தொகுதியின் கெழு அதற்கு மேல் 1.728.

350 டிகிரியில் பத்தாம் தொகுதியின் விளைச்சல் 8.9 சதவீதம் என்கிறது மாடல். 360 டிகிரிக்குப் போனால் 9.9. ஏற்றம் 0.9 புள்ளி. முதல் தொகுதியில் அதே 350 டிகிரியில் 35.6, 360-ல் 38.1. ஏற்றம் 2.6 புள்ளி. கெழு ஒன்று, பத்து டிகிரி என்பதும் ஒன்று, ஆனால் ஒரு தொகுதியில் கிடைக்கும் ஏற்றம் மற்றதில் கிடைப்பதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. மாடலில் இடைவினை உறுப்பு (ஒன்றின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாற இடம்தரும் உறுப்பு) எதையும் நாம் வைக்கவில்லை. வளைவின் வடிவமே அதைச் செய்கிறது. 'வெப்பநிலையின் விளைவு தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது' என்று இதைப் பார்த்து எழுதிவிடக் கூடாது. லாஜிட் அளவில் விளைவு மாறவில்லை, புள்ளி அளவில்தான் மாறுகிறது.

இதே தரவில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 1.728-ஐ எக்ஸ்ப் செய்தால் 5.63. 'முதல் தொகுதியின் விளைச்சல் 5.6 மடங்கு' என்று எழுதக் கை துறுதுறுக்கும். 350 டிகிரியில் விளைச்சல்கள் 35.6-உம் 8.9-உம். நான்கு மடங்குதான். 5.6 மடங்கு என்பது கூறு-மீதி விகிதத்துக்கு. பங்கு மிகச் சிறியதாக இருந்தால் இரண்டும் நெருங்கிவரும், பெரிதாக ஆக விலகும்.

வெட்டுத்துண்டைப் பற்றி ஒரு வரி போதும். பெட்ரோல் மாடலில் அது −6.16. பூஜ்யம் டிகிரியில் எல்லாம் ஆவியாவதைக் குறிக்கும் எண்ணுக்கு விளக்கம் தேட வேண்டாம்.

பகுதியிலும் இருக்கிறது, விளக்கும் மாறியாகவும் இருக்கிறது

உணவுத் தரவுக்குத் திரும்பினோம். வருமானத்தின் கெழு −0.0123. தம்பியின் அறிக்கை இதை 'வருமானம் கூடக்கூட உணவுச் செலவு குறைகிறது' என்று சொல்லியிருந்தது. எனக்கு 11.8-ஐவிட இந்த வரிதான் அதிகக் கவலை தந்தது.

குறைவது செலவா, செலவின் பங்கா? நாம் விளக்கும் பங்கின் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணாக, உட்கார்ந்திருப்பதே வருமானம்தான். ஒரு வீடு உணவுக்கு ஒரே தொகையைச் செலவழித்துக்கொண்டிருந்தாலும், வருமானம் ஏறினால் பங்கு தானாகவே இறங்கும். அதனால் இந்தக் கெழு பூஜ்யம் என்றால் உணவுச் செலவு வருமானத்தோடு சரிசமமாக ஏறுகிறது என்று பொருள். எதிர்க்குறி என்றால் அந்த வேகத்தில் ஏறவில்லை என்று மட்டும்தான் பொருள். ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-ல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்துச் சொன்னதும் இதையே: வருமானம் ஏற ஏற உணவின் பங்கு குறைகிறது. பங்கு குறைகிறது என்றார், தொகை குறைகிறது என்று அவர் சொல்லவில்லை.

மூன்று பேர் உள்ள வீட்டுக்கு, மாடல் தரும் பங்கை வருமானத்தால் பெருக்கி ஓர் அட்டவணை போட்டோம். கடைசி நிரலில் நெகிழ்ச்சி: வருமானம் ஒரு சதவீதம் ஏறினால் உணவுத் தொகை எத்தனை சதவீதம் ஏறும் என்பது.

| வருமானம் | உணவின் பங்கு (சதவீதம்) | உணவுத் தொகை | நெகிழ்ச்சி |
|---|---|---|---|
| 40 | 31.9 | 12.8 | 0.66 |
| 60 | 26.8 | 16.1 | 0.46 |
| 80 | 22.3 | 17.8 | 0.24 |
| 100 | 18.3 | 18.3 | ஏறத்தாழ 0 |

பங்கு இறங்குகிறது, தொகை ஏறுகிறது. 40-லிருந்து 80-க்கு வருமானம் இரட்டித்தால் உணவுத் தொகை 12.8-லிருந்து 17.8. செலவு குறைகிறது என்ற வரியை அடித்துவிட்டார்.

நெகிழ்ச்சியை எப்படி எடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயனுள்ள குறுக்குவழி இது. வருமானத்தைக் கெழுவால் பெருக்கி, அதை (1 − பங்கு)-ஆல் பெருக்கி, ஒன்றோடு கூட்டினால் போதும். 60-ல்: 60 × (−0.0123) × 0.732 = −0.54. ஒன்றோடு கூட்டினால் 0.46.

அட்டவணையின் கடைசி வரியில் தம்பியின் விரல் நின்றது. "100-ல பூஜ்யம்னா, அதுக்கு மேல?" 120-க்குப் போட்டார். பங்கு 14.9, தொகை 17.9. தொகை இறங்கிவிட்டது. வருமானம் 100-ஐத் தாண்டினால் மூன்று பேர் உள்ள வீடு உணவுக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்கிறது மாடல். குடும்பங்கள் அப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை. வருமானத்தை அப்படியே, மடக்கை எடுக்காமல், லாஜிட்டில் நேர்கோடாக வைத்ததன் விளைவு அது. அப்படி வைத்தால் உயர்ந்த வருமானத்தில் பங்கு அடுக்கு வேகத்தில் இறங்கும், வருமானத்தின் ஏற்றத்தால் அதை ஈடுகட்ட முடியாமல் போகும். வருமானத்துக்குப் பதில் அதன் மடக்கையை வைத்தால், கெழு −1-க்கும் 0-க்கும் இடையில் இருக்கும்வரை இந்தக் கவிழ்ச்சி வராது. இப்படி ஒரு தரவு கையில் வந்தால் நான் முதலில் முயல்வது மடக்கையைத்தான். பி மதிப்பு இதைக் காட்டிக்கொடுக்காது, பொருத்தத்தின் அளவும் காட்டிக்கொடுக்காது. பங்கைத் தொகையாக மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆட்களின் கெழுவைப் பற்றியும் இதே இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அது வருமானத்தை நிலையாக வைத்துப் பேசுகிறது. அதே வருமானம், கூடுதலாக ஓர் ஆள் என்றால் தலைக்கு வரும் வருமானம் குறைந்த வீடு என்று அர்த்தம். தவிர, இது ஒரே சமயத்தில் வெவ்வேறு வீடுகளைப் பார்த்த தரவு. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தபின் என்ன நடக்கும் என்று இது பார்த்ததில்லை. 'ஓர் ஆள் கூடினால்' என்ற தொடரை 'ஓர் ஆள் அதிகமுள்ள வீட்டில்' என்று மாற்றச் சொன்னேன்.

சராசரியின் விகிதம், விகிதத்தின் சராசரி

'கூறு-மீதி விகிதம் 1.126 மடங்காகிறது' என்று எழுதும்போது எந்த விகிதம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலரும் தாண்டிப் போய்விடும் இடம். இரண்டே வீடுகளை வைத்துப் பார்க்கலாம். ஒன்றின் பங்கு 10 சதவீதம், மற்றதன் பங்கு 50. சராசரிப் பங்கு 30, அதன் கூறு-மீதி விகிதம் 30/70, அதாவது 0.43. வீடு வீடாக விகிதம் எடுத்தால் 0.11-உம் 1-உம், சராசரி 0.56. பங்குகளை முதலிலேயே லாஜிட்டாக மாற்றிச் சராசரி எடுத்துத் திருப்பினால் கிடைப்பது 25 சதவீதம். மூன்றும் மூன்று விடைகள். பீட்டா ரெக்ரஷன் பேசுவது முதலாவதைப் பற்றி, சராசரிப் பங்கின் விகிதத்தைப் பற்றி. பங்கை லாஜிட்டாக மாற்றிவிட்டுச் சாதாரண நேர்கோட்டு ரெக்ரஷன் ஓட்டுகிற பழைய வழி பேசுவது மூன்றாவதைப் பற்றி. அந்த மாடலின் கெழுவை எக்ஸ்ப் செய்துவிட்டு 'சராசரிப் பங்கு' என்று எழுதினால் தவறாகிவிடும். பீட்டா ரெக்ரஷனுக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்: திருப்பிய எண் நேராகச் சராசரிப் பங்காகவே வருகிறது.

ஃபை

35.61 என்ற எண்ணை அறிக்கை தொடவே இல்லை. அட்டவணையின் அடியில் கிடந்தது.

இந்த இடத்தில்தான் முதலில் பார்த்த இரண்டு வீடுகள் தேவைப்படுகின்றன. 39.151 வருமானமுள்ள வீட்டுக்கு மாடல் சொல்லும் பங்கு 32.1 சதவீதம், உண்மையில் இருந்தது 19.0. 36.786 வீட்டுக்கு மாடல் சொல்வது 32.7, உண்மை 36.8. மாடலின் கண்ணில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வீடு. உண்மையில் அவை விலகி நிற்கும் தூரத்தை அளப்பதுதான் ஃபையின் வேலை. பங்கை (1 − பங்கு)-ஆல் பெருக்கி, அதை (1 + ஃபை)-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம். இந்த வீடுகளின் இடத்தில் அது 7.7 சதவீதப் புள்ளி. 19.0 சதவீத வீடு தன் எதிர்பார்ப்பிலிருந்து 1.7 திட்ட விலக்கம் கீழே இருக்கிறது. அபூர்வம் என்று சொல்ல முடியாது.

ஃபை பெரிதானால் பரவல் சுருங்கும். பெட்ரோல் மாடலில் ஃபை 440. பங்கு 26.8 சதவீதமாக இருக்கும் இடத்தில் அதன் திட்ட விலக்கம் 2.1 புள்ளிதான், உணவு மாடலில் அதே இடத்தில் 7.3. ஆலையில் அளந்த எண்ணெய்க்கும் வீட்டில் நடக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஓர் எண்ணில் தெரிகிறது. ஆள் ஒருவர் அதிகமென்றால் 2.4 புள்ளி கூடும் என்று சொல்லும்போது, ஒரே மாதிரியான வீடுகளுக்குள்ளேயே 7 புள்ளி சிதறல் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் படிப்பவர் ஒவ்வொரு வீட்டிலும் 2.4 கூடும் என்று எடுத்துக்கொள்வார்.

இன்னும் ஒரு படி உண்டு. ஃபை எல்லா வீடுகளுக்கும் ஒன்றுதான் என்று நாம் வைத்துக்கொண்டோம். அதையும் ஆட்களின் எண்ணிக்கையோடு மாறவிட்டால் லாக்-லைக்லிஹுட் 45.33-லிருந்து 49.19-க்கு ஏறுகிறது. லைக்லிஹுட் விகிதச் சோதனையின் மதிப்பு 7.70, பி மதிப்பு 0.0055. ஒரே ஓர் அளவுருவைக் கூட்டியதற்கு இது நல்ல ஆதாயம். துல்லியப் பகுதியில் ஆட்களின் கெழு எதிர்க்குறி: ஆட்கள் கூடக்கூடத் துல்லியம் குறைகிறது, பெரிய குடும்பங்கள் ஒன்றுக்கொன்று அதிகமாக வேறுபடுகின்றன. இந்தக் கெழுவைப் படிக்கும்போது குறியில் தடுமாறாதீர்கள். இது துல்லியத்தின் கெழு, பரவலுடையது இதற்கு நேரெதிர். சில நூல்களில் இதையே பரவலாக எழுதிக் குறியை மாற்றி வைத்திருப்பார்கள். வேறொரு மென்பொருளின் வெளியீட்டோடு ஒப்பிடுமுன் எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதோடு, இந்தப் பகுதியில் துல்லியத்தை நேர்கோட்டோடு இணைக்கும் சார்பு லாஜிட் இல்லை, மடக்கை. இதன் கெழுவை எக்ஸ்ப் செய்தால் வருவது துல்லியத்தின் மடங்கு, அதைக் கூறு-மீதி விகிதமென்று எழுதிவிடக் கூடாது.

38 வீடுகளில் எதிலும் பங்கு சரியாக 0 அல்லது 1 இல்லை, அதனால் அந்தச் சிக்கல் இங்கே எழவில்லை. இருந்திருந்தால் பீட்டா பரவல் அவற்றை ஏற்காது. 0-க்குத் தனிக் காரணம் இருக்கும் தரவுகளில், உதாரணமாக ஒரு பொருளை வாங்கவே வாங்காத குடும்பங்கள் இருந்தால், 0-க்கென்று தனிப் பகுதி உள்ள மாடலையே நான் எடுப்பேன். எண்களைச் சற்றே உள்ளே தள்ளிவிட்டு ஓட்டுவதை அங்கே செய்ய மாட்டேன்.

திருத்திய வரிகள்

நம்பிக்கை இடைவெளியை லாஜிட் அளவில் எடுத்து, முனைகளை மட்டும் திருப்பினோம். ஆட்களின் கெழுவுக்கு 95 சதவீத இடைவெளி 0.049 முதல் 0.188 வரை. எக்ஸ்ப் செய்தால் 1.05 முதல் 1.21. மூன்று பேர், வருமானம் 60 என்ற இடத்தை நிலையாக வைத்தால் 1.0 முதல் 3.8 சதவீதப் புள்ளி வரை. வருமானத்துக்கு ஓர் அலகு மிகச் சிறியது என்பதால் பத்து அலகுக்கு எழுதினோம்: விகிதம் 0.88 மடங்காகிறது, இடைவெளி 0.83 முதல் 0.94.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி அந்தப் பத்தியை மறுபடி எழுதிக் கொண்டுவந்தார்:

"வருமானம் 60 உள்ள மூன்று பேர் குடும்பத்தில் வருமானத்தின் 26.8 சதவீதம் உணவுக்குப் போகிறது என மாடல் மதிப்பிடுகிறது. அதே வருமானமுள்ள நான்கு பேர் குடும்பத்தில் அது 29.2 சதவீதம். வேறுபாடு 2.4 சதவீதப் புள்ளி (1.0 முதல் 3.8 வரை). மற்ற செலவுகளுக்கும் சேமிப்புக்கும் ஒதுங்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் உணவுக்குப் போவது 36.6 டாலரிலிருந்து 41.2 டாலராகிறது. மூன்று பேர் குடும்பங்களில் வருமானம் 60-க்குப் பதில் 70 என்றால் உணவின் பங்கு 26.8-லிருந்து 24.5 சதவீதமாகக் குறைகிறது, உணவுத் தொகை 16.1-லிருந்து 17.1 ஆக ஏறுகிறது. ஒரே வருமானமும் ஒரே அளவும் கொண்ட குடும்பங்களுக்கு இடையிலேயே பங்கு சுமார் 7 சதவீதப் புள்ளி திட்ட விலக்கத்தில் சிதறியிருக்கிறது. வருமானம் 100-க்கு மேல் இந்த மாடலைப் பயன்படுத்த வேண்டாம்."

கடைசி வரியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரே சேர்த்திருந்தார்.